என் குரலே எனக்குப் பயமாக இருக்கிறது

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. எனக்கு 41 வயது. மதரஸாவில் ஓதி ஆலிமா பட்டம் வாங்கினேன். குர்ஆனில் பதினோரு ஜுஸ்உ, அதாவது பாகம், மனப்பாடம். எங்கள் தெருவில் பெண்கள் தொழும் தைக்காவில் பல வருஷமாக நான்தான் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழ வைத்தேன். தனியாக முன்னால் நிற்க மாட்டேன். முதல் ஸஃபில் (வரிசையில்) பெண்களோடு பெண்ணாக நடுவில் நின்று ஓதுவேன். அதில் யாரும் குறை சொன்னதில்லை.

2020 ரமலானில் கொரோனாவால் பள்ளிவாசல் அடைத்துக் கிடந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், திரும்பிப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். இரவின் கடமைத் தொழுகையான இஷாவை அவர் தொழ வைப்பார். தராவீஹில் ஓத அவரிடம் குர்ஆனின் நாலைந்து சின்ன சூராதான் (அத்தியாயம்தான்) உண்டு. மூன்றாம் நாள் அவரே, "இவ்வளவு ஓதினவ பின்னால நிக்கிறே, நான் குல்ஹுவல்லாவையே திருப்பித் திருப்பி ஓதுறேன். நீ ஓது" என்றார். முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் மகனும் முன்னால், நானும் மகளும் பின்னால். பின்னாலிருந்து நான் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்லச் சொல்ல அவர்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். மொத்தம் 28 இரவு. பின்கட்டில் அலைச் சத்தமும் என் ஓதலும் மட்டும்தான். அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு ரமலானிலும் ஓதியதில்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று மச்சானின் ராத்தா (அக்கா) வீட்டில் சாப்பாடு. 2018-இல் மலப்புரத்தில் ஒரு பெண் ஆண்களுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ வைத்த பழைய வீடியோவை யாரோ போனில் போட்டார்கள். எல்லாரும் திட்ட, என் மகன், "எங்க உம்மாவும்தான் எங்களுக்குத் தொழ வச்சாங்க, அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டான். ராத்தா முகம் மாறிவிட்டது. "ஆம்பளைக்கு இமாமா நின்னவளா நீ? அத்தனை தொழுகையும் பாழ். எல்லார் பாவமும் உன் தலையில" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். தட்டில் இருந்த தொதல் இனிப்பை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தார், தலை தூக்கவில்லை.

எட்டு மாதமாகிறது. தொழுகைக்கு முன் கை கால் கழுவும் உளூவை நாலு தடவை, அஞ்சு தடவை செய்கிறேன். தக்பீர் கட்டியதும் நெஞ்சு படபடக்கிறது. ஓதும்போது என் குரல் என் காதில் விழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. 28 இரவுக்கும் 560 ரக்அத்து (நின்று, குனிந்து, தலையைத் தரையில் வைக்கும் ஒரு முறை). நோட்டில் கோடு போட்டுப் போட்டுத் திரும்பத் தொழுகிறேன். இரண்டு சுற்று முடிந்து இப்போது மூன்றாவது. வருகிற ரமலானுக்குத் தைக்காவில் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். நான் செய்தது பாவமா? என் மனதுக்கு என்ன ஆச்சு?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பாவமா என்பதற்குத் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் அதைக் கேளுங்கள், ஒரே ஒரு தடவை. ஏன் ஒரே தடவை என்று பின்னால் சொல்கிறேன். முதலில், நீங்களே மதரஸாவில் படித்திருக்கக்கூடிய சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். பயம் வந்தால் படித்தது முதலில் மறக்கும்.

ஆண்களுக்குப் பெண் இமாமாக நிற்கக் கூடாது என்பதுதான் நான்கு மத்ஹபுகளிலும் (மார்க்கச் சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பான்மைக் கருத்து. அபூ ஸவ்ர், தபரீ போன்ற பழைய அறிஞர்கள் சிலர் கூடும் என்று சொன்னதாகவும் கிதாபுகளில் இருக்கிறது. உம்மு வரகா என்ற நபித்தோழியை, வீட்டாருக்குத் தொழ வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் சொல்கிறது. அவர் வீட்டில் பாங்கு சொன்னவர் ஒரு முதியவர். அந்த முதியவர் அந்த அம்மா பின்னால் நின்று தொழுதாரா? வாதம் முழுக்க இதைச் சுற்றித்தான். 2005 மார்ச்சில் ஆமினா வதூத் என்ற பேராசிரியை நியூயார்க்கில் ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ நூறு பேருக்கு ஜும்ஆ தொழ வைத்தபோதும் பேச்சு இந்த ஹதீஸுக்கு வந்து நின்றது.

ஆனால் வதூதும் அந்த மலப்புரம் பெண்ணும் ஊரறிய நின்றவர்கள். நீங்கள் பள்ளிவாசல் அடைத்த நாளில் வீட்டுக்காரர் கேட்டதற்காக ஓதினவர். ராத்தா இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டார். ஹன்பலி மத்ஹபில் சிலர், தராவீஹில் மட்டும் பெண் தொழ வைக்கலாம், ஆண்களுக்குப் பின்னால் நின்று, என்று சொன்னதை அந்த மத்ஹபின் அறிஞர் இப்னு குதாமா 'அல்முஃக்னி'யில் எழுதியிருக்கிறார். அவர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் படித்ததும் எனக்கு உங்கள் பின்கட்டுதான் கண்முன் வந்தது.

அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் ஷாஃபிஈ மத்ஹப்தானே. ஒரு பெண் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துத் தொழ வைத்தால் பெண்களின் தொழுகை நிறைவேறும், ஆண்களுடையது நிறைவேறாது என்று இமாம் ஷாஃபிஈயின் 'அல்உம்மு' சொல்கிறது. அந்தக் கண்டிப்பான சொல்லை வைத்துப் பார்த்தாலும் குறை மச்சான் தொழுகையிலும் மகன் தொழுகையிலும்தான் வருகிறது. அதுவும் தராவீஹ் சுன்னத்து, கடமையில்லை. கடமையான இஷாவை மச்சான்தான் தொழ வைத்திருக்கிறார். அப்படியிருக்க மூன்றாவது சுற்று ஏன் உங்கள் நோட்டில் ஓடுகிறது? மச்சான் ஒரு சுற்றாவது தொழுதாரா?

கடிதத்தில் ராத்தாவின் பேச்சை வார்த்தை வார்த்தையாக எழுதினீர்கள். அன்று மச்சான் இருந்ததைப் பற்றி இரண்டே வரி. எட்டு மாதம் கழித்தும் அவர் விரலும் அந்தத் தொதலும் உங்களுக்கு மறக்கவில்லை. "நீ ஓது" என்று சொன்னவர் அவர். "நான்தான் ஓதச் சொன்னேன், ராத்தா" என்று அவர் வாய் திறந்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே பாதியாகியிருக்கும். பாவத்தைத் தூக்கி உங்கள் தலையில் வைத்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். கடிதத்தில் அந்தக் கோபம் எங்கேயும் இல்லை. அது உங்கள் தொண்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். என் கணிப்புத் தப்பென்றால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். அவரும் அக்காவிடம் பயந்து வளர்ந்த தம்பியாக இருக்கலாம். அதற்காக உங்களுக்கு வலிக்கக் கூடாது என்றில்லை.

உளூவைத் திரும்பத் திரும்பச் செய்வதை உங்கள் கிதாபுகள் வஸ்வாஸ், அதாவது மன ஊசலாட்டம், என்கின்றன. மருத்துவத்தில் ஓசிடி என்று ஒரு நோய் உண்டு, அதுவும் இப்படித்தான் வரும். கடிதத்தை வைத்து நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் எட்டு மாதம் அதிகம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒரு தடவை பாருங்கள். போவதற்குத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. சந்தேகம் வந்ததும் திரும்பச் செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. நாலு ஆலிமிடம் மாற்றி மாற்றிக் கேட்டாலும் இதே கதைதான், அதனால்தான் ஒரே தடவை என்றேன். இன்று மக்ரிபுக்கு உளூவை ஒரு தடவை செய்துவிட்டு, சந்தேகம் இருந்தபடியே முஸல்லாவுக்கு (தொழுகை விரிப்புக்கு) போய்ப் பாருங்கள். படபடப்பு ஏறும், தானாக இறங்கும். நோட்டை மகளிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தைக்காவுக்கு என்ன சொல்வது என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். அதற்கு முன்னால் மச்சானிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்து அவரோடு பேசும்போது, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அன்னைக்கு ராத்தா வீட்ல நீங்க ஏன் பேசல?" என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அவர் பேசும்வரை காத்திருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டாலும் எழுதுங்கள்.