மகன் அறுவடை இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறோம். முன்பு பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அரிவி வெட்டப் போவேன். இப்போது மெசின் இறங்கிவிடுவதால் எங்களுக்கு வேலை இல்லை. மகனோ அதே மெசினை லீசிங்கில் எடுக்கப்போவதாகச் சொல்கிறான். வேலையையும் பறித்து, புகையையும் கக்கி, மழையையும் பருவம் தப்பவைக்கும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? நாடு முன்னேற முன்னேற இது இன்னும் மோசமாகுமா?
– ஒரு தாய், முரசுமோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வேலை, புகை என்ற இரண்டு வழக்குகளுக்கும் ஒரே மெசினைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். வேலை வழக்கில் அது தப்ப முடியாது. புகை வழக்கில் அது சிறிய குற்றவாளிதான். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுவது உண்மை. ஆனால் நீர் கட்டி நிற்கும் வயலில், காற்றுப் படாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மெதேன், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது; உங்கள் வயலின் பெரிய கணக்கு அதுதான். நீங்கள் அரிவாளோடு இறங்கிய காலத்திலும் அது வெளியேறிக்கொண்டேதான் இருந்தது.

முன்னேற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாட்டின் காபன் வெளியேற்றத்தை, மக்கள் தொகை, தலைக்கு வருமானம், அந்த வருமானத்தை ஈட்டச் செலவாகும் சக்தி, அந்தச் சக்தியிலுள்ள காபன் ஆகிய நான்கின் பெருக்கமாக யப்பானிய அறிஞர் யோயிச்சி கயா வகுத்துக் காட்டினார். வருமானம் ஏறும்போது பின்னைய இரண்டும் அதைவிட வேகமாக இறங்கினால் மொத்தமும் இறங்கும். பிரித்தானியா 1990இல் வெளியிட்டதில் ஏறத்தாழப் பாதியையே இன்று வெளியிடுகிறது, பொருளாதாரமோ வளர்ந்திருக்கிறது. (அங்கு விற்கும் பொருள்களில் பல இப்போது சீனாவின் புகையில் உருவாகின்றன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.) சிக்கனமான இயந்திரம் மட்டும் போதாது. நிலக்கரியைக் குறைவாக எரிக்கும் இயந்திரம் வந்தபின் நிலக்கரிச் செலவு கூடியதையே 1865இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவொன்ஸ் கண்டார். லாண்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் வந்த வீட்டில் சந்தைக்கும் கோயிலுக்கும் அதுவே போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வளர்ச்சியை நிறுத்திப் புகையைக் குறைப்பது எப்படியிருக்கும் என்பதை, நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய 2022இல், டீசல் கானோடு வரிசையில் நின்று அறிந்துகொண்டோம்.

வேலையைப் பற்றி ஆறுதல் வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. பழைய வேலை போகும் ஊரிலேயே, அதே கைகளுக்குப் புதிய வேலை வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உதாரணமாக, மன்னாரில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியவை. கட்டும்போது பலருக்கு வேலை, சுழலத் தொடங்கியபின் சிலருக்குத்தான்.

ஆனாலும் உங்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு வழி தெரிகிறது. சிறுபோகத்தில் முறை வைத்துத்தான் நீர் வருகிறது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையில், மெதேன் மூன்றிலொன்று முதல் பாதி வரை குறைகிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையக் கூடாது. இந்த முறையில் களை கூடும். களைநாசினியை நாடாமல், களை பிடுங்குவதை ஏக்கர்க் கணக்கில் குழுவாக ஒப்பந்தம் பேசலாம். அரிவி வெட்டுக் கூலிக்கு அது ஈடாகும் என்று நான் சொல்லமாட்டேன்.

மகனைத் தடுக்க வேண்டாம், அவசரப்படவும் விட வேண்டாம். அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும், லீசிங் தவணையோ மாதந்தோறும் வரும். வெளிமாவட்ட மெசின்களும் அதே வாரங்களில்தான் வந்து இறங்குகின்றன. கமக்காரர் அமைப்பு கூட்டாக ஒன்றை வாங்கினால் கடன் ஒருவன் தலையில் விழாது, ஓட்டும் வேலை அவனுக்கே கிடைக்கலாம். பழுது பார்க்கப் பழகினால் வருடம் முழுவதும் கையில் தொழில் இருக்கும். அறிவியல்நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன், கடந்த காலபோகத்தில் உங்கள் பகுதியில் ஒரு மெசின் உண்மையில் எத்தனை நாள் ஓடியது என்று, சொந்தக்காரர்கள் மூவரிடமாவது அவன் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.