பெயர் வரிசையும் மேற்கோள் கணக்கும்

கேள்வி: ஒரு கணித ஆய்வாளரையும் ஓர் உயிரியல் ஆய்வாளரையும் மேற்கோள் எண்ணிக்கையை (அவர்களின் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்பதை) வைத்து ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. உயிரியலில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றின் இறுதியில் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம். எண்ணிக்கை தானாகவே ஏறும். கணிதத்தில் ஒரு கட்டுரை கவனம் பெறவே பல ஆண்டுகள் ஆகலாம். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடும் (h-index) இதைச் சரிசெய்வதில்லை. எச் 12 என்றால், 12 கட்டுரைகள் தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன, அவ்வளவுதான். ஒரே கட்டுரை எழுதி அது 900 மேற்கோள் பெற்றாலும் எச் 1தான்! ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், ஒரு கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையை, அதே துறையில் அதே ஆண்டு வெளியான கட்டுரைகளின் சராசரி மேற்கோளால் வகுத்துப் பாருங்கள்.

கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர் வரிசையிலும் ஏமாறவேண்டாம். கணிதத்தில் அகரவரிசைதான் வழக்கம். உயிரியலில் பெரும்பாலும் முதல் பெயர் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. இயற்பியலில், ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,000 பேருக்கு மேல். அங்கே வரிசையைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: என் கட்டுரைகள் வேறொருவர் கணக்கில் சேர்கின்றன. என்ன செய்வது?

பதில்: தலைப்பெழுத்தை ஒருமுறை முன்னும் மறுமுறை பின்னும் போட்டால், மேற்கோள்களைக் கணக்கிடும் தரவுத்தளம் குழம்பும். ஒரே வடிவத்தில் எழுதுங்கள். ஆய்வாளர்களுக்குத் தனி அடையாளம் தரும் ஆர்சிட் (ORCID) தளத்தில் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெற்று, கட்டுரையை அனுப்பும்போதே கொடுங்கள். ஏற்கெனவே கலந்துபோனவற்றுக்கு, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாளமான டிஓஐ (DOI) எண்களைக் குறிப்பிட்டு அந்தத் தரவுத்தளத்துக்கே திருத்தக் கோரிக்கை அனுப்பவேண்டும்.