வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஆமையும் பாம்பும்: கேள்வி பதில்

பதினோரு ஆண்டுகளாக இரண்டு சிவப்புக் காது ஆமைகளை வளர்க்கிறேன். பகல் முழுவதும் கணக்குத் துறையில் வேலை. "நேரமே கிடைப்பதில்லை, ஊர்வன வளர்க்கலாமா?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். சூடும் வெளிச்சமும் தவறாமல் கிடைத்தால், நம் கொஞ்சல் இல்லாமலும் அவை நன்றாக இருக்கும். அந்த இரண்டையும் இயந்திரம் கவனித்துக்கொள்ளும். உற்றுப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, தரமணியில் இரவுப் பணி. காலை ஆறரைக்குத்தான் வீடு திரும்புகிறேன். ஆமைக்கு விளக்கை எப்போது போடுவது, உணவை எப்போது கொடுப்பது?

உங்கள் வேலை நேரம் ஆமைக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது தம்பி. விளக்கை நீங்கள் போடவே வேண்டாம். மின்சாதனக் கடையில் டைமர் ஒன்று வாங்கி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எரியும்படி வைத்துவிடுங்கள். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது ஆமை தண்ணீருக்கு மேலே விளக்கடியில் உள்ள மேடையில் ஏறிக் காய்ந்துகொண்டிருக்கும். உடல் சூடேறினால்தான் ஆமைக்குத் தின்றது செரிக்கும். ஏழு மணிக்கு உணவு கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்; பகல் முழுவதும் அது வெதுவெதுப்பில் கிடந்து செரித்துக்கொள்ளும். விளக்கு அணையும் நேரத்தில் வயிறு நிறையக் கொடுப்பதுதான் தவறு.

காயும் மேடையில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் 25 முதல் 28 டிகிரி இருக்கட்டும். சென்னையில் மார்கழி, தை தவிர ஹீட்டர் அநேகமாகத் தேவைப்படாது. எனக்குப் பயம் மே மாதம்தான். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தொட்டித் தண்ணீரே சுடும், ஒதுங்கக் குளிர்ந்த இடம் இருக்காது. அந்த நாட்களில் சூட்டு விளக்கின் நேரத்தைக் குறையுங்கள். காற்று வர ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

பால்கனிக் கண்ணாடி வழியாக நல்ல வெயில் வருகிறது. யுவிபி விளக்கு (வெயிலில் இருப்பதுபோன்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு) தனியாக வேண்டுமா?

வேண்டும். ஓடும் எலும்பும் உறுதியாக, உடல் வைட்டமின் டி3 தயாரிக்க வேண்டும்; அதற்கு உதவும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இன்னொன்று: யுவிபி விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்தக் கதிர் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள். வாங்கிய தேதியைப் பல்பின் அடியில் எழுதி வைக்கிறேன். வேலை நெருக்கடியில் இதுதான் முதலில் மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தண்ணீர் மாற்ற முடிகிறது. புதன்கிழமையே நாறுகிறது.

ஆமையை வேறொரு தண்ணீர் வாளியில் விட்டு உணவு கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கான ஃபில்டரைப் பொருத்துங்கள். ஆமை மீனைவிட அதிகம் அசுத்தம் செய்யும். வளர்ந்த ஆமைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உணவு போதும்.

மூன்று வயது ஆமையின் இரண்டு கண்களும் வீங்கித் திறக்கவே இல்லை. காய்ந்த இறால் மட்டும்தான் கொடுத்துவந்தேன்.

நாளை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. டப்பாவைத் திறந்து ஒரு பிடி காய்ந்த இறால் போட்டுவிட்டு ஓடுவேன். ஏப்ரலில் ஒரு காலை கையில் எடுத்துப் பார்த்தேன். இமைகள் ஊறவைத்த பட்டாணிபோல உப்பியிருந்தன. உணவைத் தேடித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. கண் தெரியாததால் இறாலுக்குப் பக்கத்திலேயே வெறும் தண்ணீரைக் கடித்தது. வைட்டமின் ஏ குறைபாடு என்றார் மருத்துவர். தேறிவர ஏழு வாரம் ஆனது. ஒரு மாதம் முழுவதும் நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்; வைட்டமின் ஏ அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான். கண் திறந்த பிறகு தரமான ஆமைத் தீனியோடு முருங்கைக்கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய் பழக்குங்கள். இறால் எப்போதாவது போதும்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் பால் பைதான் (பந்துபோலச் சுருண்டுகொள்ளும் அயல்நாட்டு மலைப்பாம்பு) ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனாலும் மனம் அங்கேயே இருக்கிறது.

வளர்ந்த பால் பைதான் சில வாரம் உண்ணாமல் கிடப்பது வழக்கம்தான். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை நிலையாக இருந்தால் அமைதியாக இருங்கள். இறங்கிக்கொண்டே போனாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவர். சூடேற்றும் ஹீட் பேடை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் விட்டுவிட்டு அலுவலகம் போகாதீர்கள், வயிறு வெந்துவிடும். பதிவு செய்துவிட்டீர்களா? 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய அயல்நாட்டு உயிர்களைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

இகுவானா (பெரிய பல்லி வகை) வாங்க ஆசை. காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவேன்.

வேண்டாம். தினமும் கீரை நறுக்க வேண்டும். வால் சேர்த்து ஒன்றரை மீட்டர் வளரும், ஓர் அறையே தேவைப்படும்.

தாத்தா வீட்டில் வளர்ந்த நட்சத்திர ஆமையை எடுத்துவந்து நான் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். நல்லெண்ணம் இருந்தாலும் சட்டம் மாறாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள், அதுவே தாத்தாவுக்கும் ஆமைக்கும் நல்லது.

குழந்தை பிறந்திருக்கிறது. ஆமையைக் கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார்.

தயவுசெய்து விடாதீர்கள். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த உயிரினம். நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மாமியாரின் கவலையில் நியாயம் உண்டு. ஆமையின் மேல் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்; 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லமாக விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது. தொட்டியைக் கைக்குழந்தை இருக்கும் அறையிலிருந்து மாற்றுங்கள், தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், வளர்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கலாமா?

கொடுங்கள், தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஆமை ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டி நீந்தி வரும். பார்ப்பவர்கள் பசி என்று நினைத்து அள்ளிப் போடுவார்கள். ஒருமுறை அப்படித்தான், நான் திரும்பியபோது தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது. வளர்ந்த ஆமை என்றால் ஐந்து நாளுக்கு இரண்டு வேளை போதும். இரண்டு காகிதப் பொட்டலம் மடித்து, ஒன்றில் "செவ்வாய்", மற்றதில் "வெள்ளி" என்று எழுதிச் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.