குரூப் ஸ்டடியா, தனியாகவா? ஜெர்மனி வரும் தம்பிக்கு

முதுகலை படிக்க அக்டோபரில் ஜெர்மனி வருகிறேன், தனியாகப் படிப்பதா, நம் ஆட்களோடு குரூப் ஸ்டடியா, கிரிக்கெட் ஆட முடியுமா, பேட் கொண்டு வரலாமா, அறை எப்படிப் பிடிப்பது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அறையைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் குவித்திருக்கிறார்கள், அதை விடுங்கள். பேட்டைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள், கையில் கொண்டுபோனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மற்ற இரண்டும் நான் அடிபட்ட இடங்கள்.

நான் வந்தது 2009 அக்டோபரில். விடுதியில் எங்கள் மாடியில் ஐந்து தமிழ்ப் பையன்கள். வாராவாரம் பயிற்சித் தாள் கொடுப்பார்கள், ‘ஊபுங்ஸ்பிளாட்’ என்று பெயர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். பல பாடங்களில் அதில் பாதி மதிப்பெண் சேர்ந்தால்தான் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஞாயிறு இரவு சமையலறையில் கூடி, டீ போட்டு, ஊர்க்கதை பேசி, மற்றவன் போட்டதைப் பார்த்து எழுதிக்கொள்வோம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் குரூப் ஸ்டடி. தாள்களில் மதிப்பெண் கொட்டியது, கெத்தாகத் திரிந்தோம்.

பிப்ரவரியில் பரீட்சை. இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது, அந்த 90 நிமிடம்தான் முழுப் பாடமும். எனக்கு வந்தது 5.0. இங்கே 1.0தான் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஊற்றிக்கொண்டது. விடைத்தாளைத் திருப்பிப் பார்க்கப் போனபோது, சமையலறையில் என் பங்காக வந்த வகைக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

ஊரில் அரியர் வைத்து வைத்து எழுதிய தைரியம் இங்கே செல்லாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சைக்கு மூன்று முறைதான். மூன்றும் போனால் படிப்பிலிருந்தே நீக்கம், அதே படிப்பை ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் முடியாது. அப்புறம் விசாவும் ஆட்டம் காணும். எங்கள் ஐவரில் ஒருவன் அப்படித்தான் திரும்பிப் போனான். எங்கள் எல்லோருக்கும் பாடம் விளக்கியவன் அவன். ஆனால் தானே பேனா பிடித்துக் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டான்.

இதைக் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அடுத்த செமஸ்டரில் ரோஷத்தில் நான் அதைத்தான் செய்தேன். ஒரே கணக்கில் மூன்று நாள் கிடப்பேன், எங்கே தப்பு என்று சொல்ல ஆளில்லை. பிற்பாடுதான் யூரி ட்ரைஸ்மன் செய்ததைப் பற்றிப் படித்தேன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தவர். நன்றாகச் செய்த சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்து, பிறகு கூடி, ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்தார்களாம். தடுமாறிய கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்ல, ஆனால் கடைசிவரை தனியாகவே உழைத்தார்கள். படித்தபோது என் இரண்டு செமஸ்டரையும் யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

ஆகவே முழுத் தாளையும் நீங்களே முயன்றுவிட்டுக் கூடுங்கள். குழுவில் ஒரு ஜெர்மன்காரராவது இருக்கட்டும். ‘ஃபாக்ஷாஃப்ட்’ என்கிற துறை மாணவர் மன்றத்தில் பழைய வினாத்தாள் கேட்டு வாங்கி, கடிகாரம் வைத்துத் தனியாக எழுதிப் பாருங்கள். எங்கள் காலத்தில் எங்கள் மாடியைத் தாண்டினால் தமிழ் முகத்தைத் தேட வேண்டும். இப்போது வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம், 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஏறக்குறைய 49,000 பேர். விடை வாட்ஸ்அப்பில் படமாக வந்து விழுகிறது. நாங்கள் காப்பியடிக்கவாவது கை வலிக்க எழுதினோம்!

சரி, விளையாட்டு. முதல் வருடம் படிப்பைச் சாக்குச் சொல்லி நான் எதுவுமே ஆடவில்லை. ஆடாமல் மிஞ்சிய நேரத்தில் படிக்கவும் இல்லை. அப்போது கிரிக்கெட் என்றால் இங்கே பலருக்கும் புரியாது. 2015ஐ ஒட்டி ஆப்கன் அகதிகள் வந்த பிறகு நிலைமையே வேறு, சின்ன ஊர்களில்கூட அணிகள் முளைத்தன. கோடையில் தாராளமாக ஆடுங்கள். நம்மவர்கள் மட்டும் சேர்ந்து தொடங்கும் அணி கேப்டன் சண்டையில் இரண்டாக உடைவதை நான் மூன்று தடவை பார்த்தாயிற்று, அவ்வளவுதான் சொல்வேன்.

குளிர்காலத்துக்குப் பல்கலைக்கழகத்தின் ‘ஹோக்ஷூல்ஷ்போர்ட்’ இருக்கிறது, மலிவு. பதிவு திறக்கும் நிமிடமே உட்காருங்கள், பேட்மிண்டன் சட்டென்று நிரம்பிவிடும். ஜிம் ஒப்பந்தத்தில் மட்டும் ஜாக்கிரதை. ரத்துக் கடிதம் ஒரு வாரம் தாமதமானதற்கு என்னிடம் இன்னொரு வருடம் கறந்தார்கள். 2022 மார்ச் முதல் போடும் ஒப்பந்தங்களில் முதல் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ரத்துக்கு ஒரு மாத அறிவிப்பு போதும். ஆனால் அந்த முதல் காலமே இரண்டு வருடம் வரை இருக்கலாம்.

நான் கடைசியில் ஒதுங்கியது ஒரு டேபிள் டென்னிஸ் ‘ஃபெராய்ன்’, அதாவது ஊர்ச் சங்கம். என் ஜெர்மன் பிழைத்தது வகுப்பில் அல்ல, அங்கேதான். துறையில் எல்லோரும் ‘ஸீ’ என்று மரியாதையோடு தள்ளி நிற்க, அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் முதல் நாளே ‘டூ’ என்று நீ போட்டுப் பேசி, பந்துப் பெட்டியைக் கையில் திணித்து மேசையை விரிக்கச் சொன்னார். இப்போது அவருக்கு எழுபத்தைந்து. வியாழக்கிழமைகளில் இன்னும் என் பேக்ஹேண்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.