வாசகர் கேள்வி பதில்: கவிமணி என்னும் ஆராய்ச்சியாளர்

கேள்வி: பசுவும் கன்றுக்குட்டியும் வரும் பள்ளிப் பாட்டின் வழியாகவே கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை அறிந்திருக்கிறேன். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும் ஆவார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முற்றிலும் உண்மை. குழந்தைப் பாடல்களோடு அவரை நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். 1876ஆம் ஆண்டு, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த அவர், நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலுமாக ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே ஏட்டுச் சுவடிகளையும் கோயில் கல்வெட்டுகளையும் தேடிப் படித்தவர். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில், அதாவது அரசன் புகழைச் சொல்லும் கல்வெட்டு முகப்பில், வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற தொடருக்கு, சேரரின் மரக்கலங்களைச் சோழன் அழித்தான் என்று அறிஞர் பலர் பொருள் கூறிவந்தனர். கவிமணியோ சாலை என்பது உணவளிக்கும் அறச்சாலை என்றும், கலம் என்பது உண்கலம் என்றும் கொண்டு, அத்தொடர் கடற்போரைக் குறிப்பதன்று என வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. ஆயினும், பெரும் வெற்றியாகப் பேசப்பட்ட ஒன்றைக் கல்வெட்டு வழக்கைக் கொண்டே மறுபரிசீலனை செய்த அவருடைய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு சொல்லை அது வழங்கிய இடத்தில் வைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கமே, பாட்டு எழுதும்போது வேண்டாத சொல் ஒன்றையும் உள்ளே விடாத கண்டிப்பாக மாறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: 'மருமக்கள்வழி மான்மியம்' எதைப் பற்றிய நூல்? அந்தச் சொத்துரிமை முறையே ஒழிந்துவிட்ட இந்நாளில் அதைப் படிக்க வேண்டுமா?

பதில்: அவசியம் படிக்க வேண்டும், அவருடைய நூல்களில் ஆராய்ச்சியாளரும் கவிஞரும் பிரிக்க இயலாதபடி கலந்து நிற்பது இதில்தான். நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே ஒருவரின் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றதால், கணவன் கண்ணை மூடியதும் மனைவியும் மக்களும் நிராதரவாக நின்றனர். இந்தக் கொடுமையைக் கவிமணி தம் குரலில் கண்டிக்கவில்லை. குடும்பத் தலைவரான காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியைப் பேச வைத்தார். காவியங்களுக்குரிய படல அமைப்பை எடுத்துக்கொண்டு, அதற்குள் 'மாமி அரசியற் படலம்' என்றும், வழக்காடியே குடும்பம் அழிந்ததைச் சொல்லும் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்றும் வீட்டுக் கதையை நிரப்பினார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிக்கும் அந்த நேரத்திலேயே அவளுடைய வயிற்றெரிச்சலும் நம்மைச் சுடுகிறது. நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பழமொழிகளும் வீட்டு வழக்கங்களும் இவ்வளவு செறிவாகப் பதிவான செய்யுள் நூல் வேறொன்றை நான் கண்டதில்லை. முதலில் 'தமிழன்' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த இது, 1942இல் நூலாயிற்று. இடையில், 1926இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. சமூகத்துக்குள் எழுந்த நெடிய போராட்டத்தின் விளைவு அது. அந்தப் போராட்டத்தில் இப்பாடலுக்கும் பங்குண்டு.

கேள்வி: பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களைக் கவிமணி தமிழாக்கியிருக்கிறாரே, அது மூலத்துக்கு உண்மையானதா?

பதில்: சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் இல்லை. அவர் தழுவிய, பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மரநிழலில் அமர்ந்திருப்பவனிடம் இருப்பது வெறுமனே ஒரு கவிதை நூல். கவிமணியின் பாடலில் அவன் கையில் இருப்பது கம்பன் கவி. பாரசீகக் கவிஞனிடம் கம்பன் எப்படி வந்தான் என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கவிதை நூல் என்றதும் தமிழ் வாசகன் மனத்தில் எழ வேண்டிய பெருமிதத்தை அந்த ஒரு பெயர் எழுப்பிவிடுகிறது. புத்தரின் வாழ்வைப் பாடும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவிய 'ஆசிய ஜோதி'யிலும் இதே சுதந்திரத்தைக் காணலாம்.

கேள்வி: எந்த நூலில் தொடங்கலாம்?

பதில்: 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுப்பில் தொடங்குங்கள். அடுத்து மான்மியத்துக்கு வாருங்கள். வட்டாரச் சொற்களுக்குக் குறிப்புரை உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.