விழுந்தது நான்தான், தவறு யாருடையது? – விடியோ கேம் கேள்வி பதில்

ஒரு கேம் ஏன் பிடிக்கிறது, இன்னொன்று ஏன் எரிச்சலூட்டுகிறது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: ஒரு கேமில் நூறு தடவை செத்தாலும் விட மனசு வருவதில்லை. இன்னொன்றில் மூன்றாவது தடவையே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறேன். இரண்டுமே கஷ்டமான கேம்கள்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

ப: கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். செத்ததற்கும், மறுபடி அதே சவாலின் முன்னால் நிற்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? ‘சூப்பர் மீட் பாய்’ (2010), ‘செலஸ்டே’ (2018) போன்றவற்றில் விழுந்த கையோடு மறுபடி ஓடிக்கொண்டிருப்பீர்கள். விரலில் அந்தத் தாளம் இன்னும் இருக்கும், செய்த பிழையும் நினைவில் இருக்கும். இப்போது இன்னொரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸிடம் (பெரிய எதிரியிடம்) தோற்றால் 90 வினாடி ஓடி வர வேண்டும். சண்டையோ 40 வினாடியில் முடிந்துவிடுகிறது. இருபது தடவை தோற்றால் ஓட்டத்துக்கு மட்டும் 30 நிமிடம். சண்டையைப் பழகியது 13 நிமிடம்தான். எரிச்சல் பிறப்பது அந்த ஓட்டத்தில். ‘டார்க் சோல்ஸ்’ (2011) விளையாடியவர்களுக்கு இந்த நடை நன்றாகத் தெரியும். அதே ஸ்டூடியோ ‘எல்டன் ரிங்’கில் (2022) பல பாஸ்களின் வாசலருகிலேயே மறுபடி எழுவதற்கான சிலைகளை வைத்தது. பாஸ்கள் இளகவில்லை, நடை மட்டும் குறைந்தது.

எதனால் செத்தோம் என்பது தெரிகிறதா என்பதில் மீதி விடை இருக்கிறது. வாளை ஓங்குவதைப் பார்த்தும் நகரவில்லை என்றால் அது நம் பிழை, அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். கேமராவுக்கு வெளியே இருந்து சத்தமே இல்லாமல் அம்பு வந்தால் எதைத் திருத்துவது? நல்ல கேம்கள் இதில் ஒரு படி மேலே போய், ஆட்டக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். ‘செலஸ்டே’யில் விளிம்பைத் தாண்டிக் காலுக்கு அடியில் தரை இல்லாமல் போன பிறகும் சுமார் பத்தில் ஒரு வினாடி வரை குதிக்கலாம். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்தினாலும், தொட்டவுடன் குதிக்கும். மேலே போகும்போது தலை கல்லின் மூலையில் லேசாக இடித்தால், சில பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி வழிவிடும். இவற்றில் ஒன்றைக்கூட ஆடுபவர் கவனிப்பதில்லை. “இந்த கேம் சொன்ன பேச்சு கேட்கிறது” என்று மட்டும் தோன்றும்.

கே: சரியான நேரத்தில்தான் அழுத்துகிறேன், ஆனால் குதிப்பது தாமதமாகிறது. கோளாறு என்னிடமா, டிவியிலா?

ப: பெரும்பாலும் டிவியில். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் (அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படத்தையும்) நிறுத்தி வைத்துக் கணக்குப் போடுகிறது. சினிமா பார்க்கும்போது இது தெரியாது. கேமில் 100 மில்லி வினாடி தாமதம் என்றால், வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஆறு ஃப்ரேம் போச்சு. முந்தைய பதிலில் சொன்ன அந்தப் பத்தில் ஒரு வினாடி சலுகையை டிவியே சாப்பிட்டுவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு போன் போதும். 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில், உங்கள் கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி வைத்துப் படம் பிடியுங்கள். பட்டன் முழுக்க அழுந்திய ஃப்ரேமிலிருந்து கதாபாத்திரம் அசையும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் 4.2 மில்லி வினாடி. 24 ஃப்ரேம் வந்தால் 100. பத்துத் தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இந்த எண்ணில் கேமின் சொந்தத் தாமதமும் கலந்திருக்கும் என்பதால், அதே கேமை, அதே இடத்தில், டிவியின் கேம் மோட் (மெருகேற்றலைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் செட்டிங்) போட்டும் போடாமலும் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மெருகேற்ற டிவி கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம்.

கேம் மோடைப் பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, கேம் மோட் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. அடுத்து, கேமின் செட்டிங்ஸில் ‘குவாலிட்டி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள், அதில் ஃப்ரேம் அதிகம். 30 ஃப்ரேமில் ஒரு படம் 33 மில்லி வினாடி நிற்கிறது, 60-இல் 17 தான். கணினி என்றால் வி-சிங்கை (மானிட்டரின் வேகத்துக்குப் படத்தைக் காக்க வைக்கும் செட்டிங்) அணைத்துப் பாருங்கள்; படம் கிழிந்த மாதிரி தெரிந்தால், மானிட்டரில் விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு மானிட்டரே ஈடுகொடுக்கும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள். தாளத்துக்கு ஏற்ப அழுத்தும் கேம்களுக்கு ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். வயர் உள்ளதே சரி.

தாமதம் குறைந்த பிறகும் குறி தப்பினால் கன்ட்ரோலரில் விரலால் சாய்க்கும் ஸ்டிக்கின் ‘டெட் ஸோன்’ எவ்வளவு என்று பாருங்கள். நடுவில் எவ்வளவு அசைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதுதான் அது. பூஜ்யத்தில் வைத்து, கையை எடுத்துவிடுங்கள். கேமரா தானாக ஊர்ந்தால் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, ஊர்வது நின்ற இடத்துக்கு மேல் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நுணுக்கமாகக் குறிவைக்க முடியாது.

கே: முறை வைத்து ஆடும் சண்டை கேம்களில், சுட்டால் 85 சதவீதம் படும் என்று காட்டிவிட்டுத் தவறுகிறதே, இது ஏமாற்று வேலை இல்லையா?

ப: கணக்கு சரிதான். நம் மனது 85-ஐ 100 என்று படித்துக்கொள்கிறது. 85 சதவீதத்தில் பத்து முறை சுட்டால் பத்தும் படுவதற்கான வாய்ப்பு 20 சதவீதம்தான். ஒன்றாவது தவறுவதற்கு 80. இந்த மனப்போக்கு தெரிந்ததால் சில கேம்கள் எண்ணை நமக்குச் சாதகமாகவே வளைக்கின்றன. ‘ஃபயர் எம்பிளம்’ வரிசையில் 2002-இல் வந்த பாகம் முதல் பலவற்றில், குலுக்கல் முறையில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்து முடிவு செய்கிறார்கள். அதனால் திரையில் 90 என்று தெரிவது உண்மையில் 98 ஆகிவிடுகிறது, 10 என்பது சுமார் 2. ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ (2012) எளிய நிலைகளில் மறைமுகமாகக் கைகொடுக்கிறது. அப்படியும் தவறிய அந்த ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

ஆடும்போது சுடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “இது தவறினால் என் ஆள் எங்கே நிற்பான்?” மறைவு இல்லாத இடத்தில் நிற்பான் என்றால் 85 கூடக் குறைச்சல்தான். குறி பார்க்க வேண்டாத வெடிகுண்டை முதலில் வீசி மறைவை உடைத்துவிட்டு, பிறகு சுடுங்கள். அதிர்ஷ்டமே வேண்டாம் என்றால் ‘இன்டு தி பிரீச்’ (2018) ஆடிப்பாருங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பது முன்கூட்டியே தெரியும், உங்கள் அடி எதுவும் தவறாது. அங்கே தோற்றால் காரணத்தை விரல் வைத்துக் காட்டலாம்.

கே: டெட்ரிஸில் நீளத் துண்டு வேண்டும்போது மட்டும் வராதது போலத் தோன்றுகிறதே?

ப: எந்த டெட்ரிஸ் என்பதைப் பொறுத்தது. 1989-இல் நின்டென்டோ இயந்திரத்துக்கு வந்ததில் உண்மையிலேயே நெடுநேரம் வராமல் போகலாம். இப்போது வருபவற்றில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, எல்லாம் தீர்ந்த பிறகுதான் அடுத்த பை. ஆகவே இரண்டு நீளத் துண்டுகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 துண்டுகள்தான் வர முடியும். எண்ணிக்கொண்டே ஆடினால் ஓரத்துக் குழியை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்று தெரியும்.

கே: ஈஸி மோடில் ஆடுவது ஏமாற்றுவது மாதிரி இருக்கிறது என்கிறான் தம்பி. உண்மையா?

ப: இல்லை. தம்பியிடம் ‘ஹேடீஸ்’ (2020) கேமின் காட் மோடைக் காட்டுங்கள். போட்டவுடன் 20 சதவீத அடி குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னொரு 2 சதவீதம் குறைந்து, 80 வரை போகும். ஆகப் பெரிய உதவி கிடைப்பதற்கு முப்பது தடவை செத்திருக்க வேண்டும், அதற்குள் கை பழகியிருக்கும். ‘செலஸ்டே’யில் கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். செய்வது அதே தாவல், அதே வரிசை. விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான்.

கஷ்டத்தை ஒட்டுமொத்தமாக இறக்காமல், எங்கே இடிக்கிறது என்று பார்த்து ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. இரண்டு அடியில் சாகிறீர்கள் என்றால் வாங்கும் அடியைக் குறையுங்கள். எதிரியின் அடிகள் எல்லாம் பழகியும் சண்டை பத்து நிமிடம் இழுக்கிறது என்றால் எதிரியின் உயிர் அளவைக் குறையுங்கள். பல கேம்களில் ‘ஹார்ட்’ என்றால் எதிரிக்கு உயிர் கூடும், வேறு பெரிய மாற்றம் இருக்காது. மூன்று மடங்கானால் 20 வெட்டில் முடிந்தது 60 வெட்டு ஆகிறது. அதைச் சவால் என்று சொல்ல மனம் வரவில்லை. நேரத்தைத் தின்கிறது, அவ்வளவே.

கே: பெரிய மேப் உள்ள கேம்கள் முதல் ஐந்து மணி நேரம் பிரமாதமாக இருந்து, பிறகு வேலை பார்ப்பது போல ஆகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

ப: மேப்பில் உள்ள குறிகளைக் குறையுங்கள். மூலையில் தெரியும் மினிமேப்பை அணைத்து, முக்கியக் கதையின் குறியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறி இருந்தால் கண் அதையே பார்க்கும். மலையையும் புகையையும் பார்க்காது. ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ (2017) கோபுரத்தில் ஏறினால் நிலப்பரப்பை மட்டும் தருகிறது, எங்கே என்ன இருக்கிறது என்று நாமே பார்த்துக் குறி வைக்க வேண்டும். தேடலின் சுகம் அதில்தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா கேமுக்கும் இது ஒத்துவராது. அணைப்பதற்கு முன் கேமில் வரும் இரண்டு மூன்று பேர் தரும் வேலைகளை எடுத்துப் பாருங்கள். “ஆற்றைத் தாண்டி, இரட்டைப் பாறைக்குக் கீழே” என்று வழி சொன்னால் தாராளமாக அணைக்கலாம். “அந்த வாளைக் கொண்டு வா” என்பதோடு நிறுத்திவிட்டால், அந்த கேம் குறியை நம்பியே செய்யப்பட்டது.

கே: துப்பாக்கி கேம்களில் இருபது நிமிடத்தில் தலை சுற்றுகிறது. எல்லோரும் ஆடுகிறார்களே!

ப: உடம்பு அசையாமல் கண் மட்டும் ஓடுவதால் வருவது இது, பலருக்கும் உண்டு. செட்டிங்ஸில் ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’ (எத்தனை டிகிரி அகலத்துக்குக் காட்சி தெரிகிறது என்பது) முதலில். தூரத்து டிவிக்காக 60, 70 டிகிரி வைத்திருப்பார்கள். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் 55 அங்குல டிவி நம் பார்வையில் 23 டிகிரிதான் அடைக்கிறது. 60 சென்டிமீட்டரில் உள்ள 27 அங்குல மானிட்டரோ 53 டிகிரி. மானிட்டரில் அதே 70-ஐ வைத்தால் குழாய் வழியாகப் பார்ப்பது போலிருக்கும். 90-க்கு ஏற்றி, அங்கிருந்து ஐந்தைந்தாக மாற்றிப் பாருங்கள். ஹெட் பாப் (நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடுவது), மோஷன் பிளர் (வேகமாகத் திரும்பும்போது படம் மங்குவது) இரண்டையும் அணையுங்கள். கேமரா ஷேக்கை (காட்சி அதிர்வதை) பூஜ்யமாக்குங்கள். திரையின் நடுவில் எப்போதும் ஒரு புள்ளி தெரிய வழி இருந்தால் போடுங்கள், கண்ணுக்குப் பிடிப்பு கிடைக்கும். அறை விளக்கு எரியட்டும். முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் தலைசுற்றல் கூடும், அடங்க மணிக்கணக்கில் ஆகும்.

கே: கேமில் நாம் கூட்டிக்கொண்டு போகும் ஆள் நம் வேகத்துக்கு நடக்காதது ஏன் இவ்வளவு கடுப்பு?

ப: அவர் வேகம் நம் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் வைக்கப்பட்டிருப்பதால். நடந்தால் பின்தங்குகிறோம், ஓடினால் முந்திவிடுகிறோம். நம் வேகத்துக்கு அவரை நடக்க வைத்தால் தீரும் பிரச்சினை இது. இன்றும் இதைச் சரிசெய்யாமல் கேம்கள் வருவதை ஏற்க முடியவில்லை.

கே: காச்சா கேமில் (குலுக்கலில் கதாபாத்திரங்களை எடுக்கும் கேம்) 1 சதவீத வாய்ப்பு. நூறு முறை இழுத்தால் கிடைத்துவிடும்தானே?

ப: கிடைக்காமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு நிற்பார்கள். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு உத்தரவாத எண்ணைத் தேடுங்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’டில் (2020) ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம்; 90-ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் ஒன்று உறுதி. ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்டவராக இல்லாமல் போகலாம் என்பதால், மோசமான நிலையில் 180. முதல் இழுப்புக்கு முன்பே அந்தப் பெரிய எண்ணைப் பணமாக மாற்றித் தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைக்கு அந்தக் கதாபாத்திரத்தைக் கடையில் விற்றால் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் தொடங்கவே வேண்டாம். கார்டு விவரத்தை போனில் சேமித்து வைக்காதீர்கள். பெல்ஜியம் 2018-இல் பணம் கட்டித் திறக்கும் லூட் பாக்ஸ்களை (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளை) சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதில் நியாயம் இருக்கிறது. இங்கே தோற்பதற்குத் திறமையோடு சம்பந்தமே இல்லை, பழகித் தேறவும் வழியில்லை.

கே: இரண்டு மாதம் கழித்துப் பாதியில் விட்ட கேமைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கவா?

ப: அவசரப்பட வேண்டாம். செட்டிங்ஸில் பட்டன் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆரம்பப் பகுதிக்குத் திரும்பிப் போய் எளிய எதிரிகளோடு இருபது நிமிடம் சண்டை போடுங்கள். கதை மறந்தாலும் விரல் சீக்கிரம் நினைவுக்கு வரும். பிறகு வேலைப் பட்டியலில் ஒன்றே ஒன்றை எடுங்கள். இனி எந்த கேமையும் நிறுத்தும்போது பாஸின் வாசலில் சேவ் செய்யாதீர்கள். ஊருக்குள் திரும்பி, புதிய இடத்தில் தனி சேவ் போட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை மேப்பில் ஒரு குறியாக வைத்துவிட்டு அணையுங்கள்.