மறு: டைப் பண்ணேக்க லாப்டொப் ஸ்கிரீன் இருண்டு போகுது
தம்பி, கடைக்காரன் சொன்னானெண்டு டிஸ்பிளே மாத்தக் காசு குடுத்திடாதேங்கோ. இடக்கையை கீபோட்டுக்குக் கிட்ட வைக்கேக்க மட்டும் இருளுது, எடுத்தா வருகுது எண்டு எழுதியிருக்கிறியள், புது வோச் கட்டினாப் பிறகுதான் எண்டும் சொல்லுறியள், அதின்ர ஸ்ட்ராப் காந்தத்தால ஒட்டுறதோ? கனக்க லாப்டொப்பில மூடி விளிம்புக்குள்ள சின்னக் காந்தம் ஒண்டு கிடக்கும், கீழ்ப்பக்கம் ஹோல் சென்சர் எண்டு காந்தத்தை உணருற சின்னச் சாமான் ஒண்டு, காந்தம் கிட்ட வந்தா மூடியாச்சு எண்டு நினைச்சு ஸ்கிரீனை நிப்பாட்டிடும், வோச் காந்தம் எது மூடிக் காந்தம் எது எண்டு அதுக்கென்ன தெரியும். எனக்கும் ஃபோன் கவரால இதே கூத்து, யாழ்ப்பாணத்துக் கரண்டைத் திட்டித் திட்டி ரெண்டு நாள் பிளக்கை மாத்தி மாத்திக் குத்தினன். வோச்சைக் கழட்டிப்போட்டு ஒருக்கா டைப் பண்ணிப் பாருங்கோ. எல்சிடிக்கு உந்தக் காந்தத்தால சேதமில்லை, நிறம் கெடுறது பழைய குண்டு டீவியளுக்குத்தான். கழட்டியும் இருண்டா மூடியை மெல்ல ஆட்டிப் பாருங்கோ, ஸ்கிரீனுக்குப் போற கேபிளின்ர பிழையாயும் இருக்கலாம்.